சொன்ன தேதியில் பிராக்கெட் கொடுக்க முடியவில்லை, எங்கே பிசகுகிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பெண்டிங் மெஷின், இரண்டு வெல்டர்கள். லேசர் கட்டிங்கும், பொடி தூவிச் சூடாக்கி நிறமேற்றும் பவுடர் கோட்டிங்கும் வெளியே கூலிக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க். 2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் 120 பிராக்கெட் (வளைத்த தாங்கி), பத்து நாளில் தருவதாக ஒப்புக்கொண்டேன். இன்று பதினேழாவது நாள். வெல்டிங் ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது! மீதி நாளெல்லாம் எங்கே போனது? பார்ட்டி கூப்பிட்டால் போனை எடுக்கவே பயமாக இருக்கிறது.

கிண்டிக்காரன்:
முதலில் போனை எடுங்கள் சார். வேலை நடந்த நாள் குறைவு, வரிசையில் காத்திருந்த நாள்தான் அதிகம். என்ன நிறம் கேட்டார்கள்? நமது 120 பீஸுக்காகக் கோட்டிங் கடையில் பொடி தூவும் பூத்தைக் கழுவி நிறம் மாற்ற மாட்டார்கள். அதே நிறத்தில் பெரிய லாட் வரும்வரை சரக்கு மூலையில்தான் கிடக்கும்.

கேட்டவர்:
நிற அட்டவணையில் ஆர்.ஏ.எல். 5012, வெளிர் நீலம். ஆறு நாள் கிடந்தது. கறுப்பு என்றால் மறுநாளே வந்திருக்கும்.

திருமுடிவாக்கம் பட்டறை:
அப்புறம், எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு பீஸை வெட்டி வளைத்துப் பார்த்தீர்களா? வளைவுக்கு ரொம்பப் பக்கத்தில் துளை இருந்தால் கோணிக்கொண்டு நீள்வட்டமாகிவிடும், போல்ட் இறங்காது. நான் 400 பீஸ் வெட்டியபிறகு கண்டுபிடித்தேன். அந்தத் தகடெல்லாம் காயலான் கடைக்குத்தான் போனது. இப்போது மாதிரி பீஸில் பார்ட்டி கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் பத்து நாள் கணக்கு.

கேட்டவர்:
பார்ட்டியிடம் பேசிவிட்டேன். தயாரான 40 பீஸை சனிக்கிழமை அனுப்பச் சொன்னார். திட்டவே இல்லை, அதுதான் கலக்கமாக இருக்கிறது.