பனிப்பலகையில் மோட்டார் சைக்கிள் உடை: ‘கவச உடை’ என்ற ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்று தைக்கப்படும் உடையை ஸ்னோபோர்டிங்குக்கும் (ஒரே பலகையில் நின்று பனிச்சரிவில் சறுக்கும் விளையாட்டு) அணிந்துகொள்ளலாமா என்பதை விளக்கும் கட்டுரைக்குச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘பாதுகாப்பு உடை’, ‘கவச உடை’, ‘மெய்ம்மறை’ என மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. மூன்றையும் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அவற்றின் ஓசையிலோ பழமையிலோ எனக்குக் குறையில்லை. அந்த உடை செய்யும் இருவேறு வேலைகளை அவை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன என்பதும், பனியில் அவ்விரண்டில் ஒன்றுக்குத்தான் வேலை இருக்கிறது என்பதும்தான் சிக்கல். ஸ்னோபோர்டிங்குக்குப் ‘பனிப்பலகைச் சறுக்கு’ என்றே இம்மடலில் எழுதுகிறேன்; ‘பனிச்சறுக்கு’ என்ற சொல் இரு கட்டைகளில் சறுக்கும் ஸ்கீயிங்குக்கு ஏற்கெனவே பழகிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும்.

வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் முதலில் தரையில் மோதுகிறார். அடுத்து, வேகம் அடங்கும் வரை தார்ச்சாலையில் இழுபட்டுக்கொண்டே போகிறார். மோதலில் எலும்பு முறியும். இழுபடும்போது தோல் உரிந்து சதை தேயும். உராய்வுச் சூட்டில் சாதாரண செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. தடித்த மாட்டுத்தோலும் அராமிட் என்ற வெப்பந்தாங்கும் உறுதியான இழைத் துணியும் இரட்டைத் தையலும் இந்த இரண்டாவது கட்டத்துக்காக வந்தவை. தோள், முழங்கை, முதுகு, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களில் உள்பைகளில் செருகப்படும், அடியை உள்வாங்கும் பட்டைகளோ முதற்கட்டத்துக்கானவை. ஒரே ஜாக்கெட்டில் இருப்பதாலேயே இரண்டையும் ஒன்றாக எண்ணப் பழகிவிட்டோம்.

ஐரோப்பியத் தரநிலை இவ்விரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. 2020-இல் வெளிவந்த இஎன் 17092 என்ற தரநிலை ஓட்டிகளின் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என ஐந்து வகுப்புகளாகப் பகுக்கிறது. முதல் மூன்றும் உராய்வையும் மோதலையும் சேர்த்துத் தடுப்பவை. பி வகுப்பு உடை உராய்வை மட்டுமே தடுக்கும். அதில் மோதலைத் தடுக்கும் பட்டைகள் இல்லை. சி வகுப்பு இதற்கு நேர்மாறானது: பட்டைகளை உடலில் நகராமல் பிடித்து வைப்பது மட்டுமே அந்த உடையின் பணி, உராய்வைத் தாங்கும் என்ற உறுதி அதற்கு இல்லை. வலைத்துணியில் பட்டைகளைத் தைத்து, மேற்சட்டைக்கு உள்ளே அணியும் வகை அது. மண்பாதைப் பந்தய ஓட்டிகளிடம் இத்தகைய உள்ளுடையைப் பார்த்திருப்பீர்கள். பனிப்பலகைக்காரர் மோட்டார் சைக்கிள் கடையில் எதையாவது வாங்குவதென்றால் பெரும்பாலும் இதைத்தான் வாங்க வேண்டும். ‘கவச உடை’ என்று பொதுவாக எழுதினால், ஏஏஏ வகுப்புத் தோல் ஜாக்கெட்டே உயர்ந்தது, ஆகவே பனிக்கும் அதுவே சிறந்தது என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். தவிர, கொரோனா காலத்தில் நாளிதழ்கள் மருத்துவப் பணியாளர்களின் உடையைக் ‘கவச உடை’ என்றே எழுதித் தள்ளியதால், அச்சொல்லைக் கேட்டதும் வேறொரு படம் மனத்தில் எழுவதையும் தவிர்க்க முடியாது.

பனியில் உராய்வு ஒரு தொல்லையே அன்று. விழுந்தவர் வழுக்கிக்கொண்டு போகிறார், தோல் உரிவதில்லை. செங்குத்தான, இறுகிய பனிச்சரிவில் உடை வழுக்குவதால் நிற்க முடியாமல் போவதுதான் ஆபத்து. ஆக, தார்ச்சாலைக்காகச் சேர்த்த தடிமன் முழுவதும் இங்கே வீண் சுமை. தோல் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும், குளிரில் விறைக்கும். ஏறவும் இறங்கவும் எழவும் உடல் ஓயாமல் உழைக்கும் விளையாட்டில் வியர்வை வெளியேற வழியில்லாவிட்டால், உள்ளே நனைந்து பிறகு குளிரில் நடுங்க வேண்டியிருக்கும். வெட்டும் பொருந்தாது. சாலைப் பந்தய ஜாக்கெட், கைப்பிடியை நோக்கிக் குனிந்து முழங்கையை மடக்கி அமரும் நிலைக்கேற்பத் தைக்கப்பட்டது. நிமிர்ந்து நின்றால் முன்புறம் இழுக்கும், முதுகுப்புறம் சுருங்கும். பட்டை இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகுவது அப்போதுதான்.

ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். தேய்விலிருந்து காக்கும் மேலாடைப் பண்புக்கு ‘உராய்வுக் காப்பு’. மோதலின் விசையை உள்வாங்கும் பட்டைக்கு ‘அடிதாங்கி’.

‘இடிதாங்கி’, ‘சுமைதாங்கி’ என்று தமிழில் முன்பே இருக்கும் அச்சில் வார்த்தது என்பதால் ‘அடிதாங்கி’க்கு விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிகிறது. பொறியியலில் ‘தாங்கி’ என்பது பேரிங்குக்கு வழங்குகிறது என்பார்கள். தொகைச்சொல்லாக வரும்போது அந்த மயக்கம் எழாது என்பதற்கு இடிதாங்கியே சான்று. ‘அடி’ என்பதற்குப் பாதம், கீழ்ப்பகுதி என்ற பொருள்களும் உண்டே, காலணியின் அட்டை என்று நினைத்துவிட மாட்டார்களா என்பது இதைவிட வலுவான தடை. அதை முழுமையாக மறுக்க என்னால் இயலவில்லை. ‘மோதல்தாங்கி’ என்றால் அந்தத் தடை விலகும். ஆனால் நாவில் நிற்காது. ‘முதுகு அடிதாங்கி’, ‘முழங்கால் அடிதாங்கி’ என உறுப்பின் பெயரோடு சேர்த்தே எப்போதும் வரப்போகும் சொல் என்பதால், குழப்பம் அரிதாகவே நேரும் என்பது என் கணிப்பு. ‘அதிர்வு ஏற்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வண்டியின் ஷாக் அப்சார்பருக்குப் பொருந்தும். தொடர்ந்து வரும் அதிர்வு வேறு, ஒரே முறை விழும் அடி வேறு.

அடிதாங்கி எதைச் செய்கிறது என்பதை அதன் உட்புறத்தில் அச்சிட்ட சிறு முத்திரையே காட்டும். வண்டியோட்டும் உருவம், அருகே உறுப்பைக் குறிக்கும் எழுத்து (தோளுக்கு எஸ், முழங்கைக்கு ஈ, முழங்காலுக்கு கே, முழு முதுகுக்கு எஃப்பி), பிறகு 1 அல்லது 2 என்ற நிலை. முதுகுக்கான இஎன் 1621-2 சோதனையில் 5 கிலோ எடையை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழவைத்து, மறுபுறம் எவ்வளவு விசை கடக்கிறது என்று அளக்கிறார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை. 9-க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. தோள், முழங்கால் போன்றவற்றுக்கு வரம்பு தளர்வானது: 35-உம் 20-உம். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முதுகு அடிதாங்கி நேரடி அடியைத்தான் குறைக்கும், முதுகெலும்பு அளவுக்கு மீறி வளைவதையோ முறுக்கிக்கொள்வதையோ அது தடுக்கும் என்று எழுதிவிடக் கூடாது.

அந்த முத்திரையில் பனிக்காரர் தேட வேண்டிய இன்னொரு குறி உண்டு. மெதுவாக அழுத்தினால் விரலுக்கு இசைந்து குழையும், சட்டென்று அடித்தால் கட்டியாக இறுகும் நுரையால் இன்றைய அடிதாங்கிகள் பல செய்யப்படுகின்றன. டி3ஓ இவ்வகையில் நன்கறியப்பட்டது. 2006 டொரினோ குளிர்கால ஒலிம்பிக்கிலேயே பனிச்சறுக்கு வீரர்களின் உடைக்குள் அது இருந்தது. வினைத்தொகையாக ‘இறுகுநுரை’ எனலாம். குளிரில் இத்தகைய நுரைகளின் குழைவு குறையும். குழையாத பட்டை உடலோடு ஒட்டி உட்காராது, அடியை உள்வாங்கும் திறனும் மாறும். இஎன் 1621-1 தரநிலையின் 2012 பதிப்பில் உறைநிலைக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் குளிரில் வைத்துச் செய்யும் விருப்பச் சோதனை ஒன்று உண்டு. அதில் தேறியவற்றில் ‘டி’ எழுத்தோடு கழித்தல் குறி அச்சாகியிருக்கும். வெயிலில் ஓட்டுபவருக்குப் பொருட்டில்லாத இக்குறி, சறுக்குபவருக்கு நிலை எண்ணுக்கு இணையாக முக்கியம்.

இனி, இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாத குறை. இரு பாதங்களும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால், தடுமாறியவர் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க முடியாது. விரல் பக்க விளிம்பு பனியில் சிக்கினால் முன்னால் விழுந்து கைகளையும் முழங்கால்களையும் ஊன்றுகிறார். குதிகால் பக்க விளிம்பு சிக்கினால் பின்னால் விழுந்து வாலெலும்பும் பின்தலையும் அடிபடுகின்றன. புதிதாகப் பழகுவோரிடம் அதிகம் முறிவது மணிக்கட்டு. மோட்டார் சைக்கிள் காற்சட்டையின் இடுப்பு அடிதாங்கி பக்கவாட்டு எலும்பின்மேல்தான் அமர்கிறது. பெரும்பாலானவற்றில் வாலெலும்புக்கு எதுவும் இல்லை. மண்பாதை ஓட்டிகளும் சறுக்குவோரும் உள்ளே அணியும் பட்டைத் தைத்த அரைக்காற்சட்டைதான் அதற்கு வழி. கையுறையின் கணு அடிதாங்கியும் உள்ளங்கைத் தோலும் மணிக்கட்டு பின்னோக்கி மடங்குவதைத் தடுப்பதில்லை.

தலைக்கவசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முழுமுக மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் பனிக்கானதைவிடப் பல மடங்கு கனமானது, காதை அடைப்பது, மூச்சில் கண்ணாடி மங்குவது. பனித் தலைக்கவசங்களுக்கான இஎன் 1077 தரநிலையின் முத்திரை கொண்டதை வாங்கச் சொல்லிவிட்டு நகரலாம். காற்றுப்பை உடையில், வண்டியோடு கயிற்றால் இணைத்து விரிய வைக்கும் வகை பலகைக்கு உதவவே உதவாது. மின்னணு வகையும் வண்டி விபத்தின் அசைவுகளை அடையாளம் காணவே அமைக்கப்பட்டது. பனிச்சறுக்குக்கென்று தனியாக உருவாக்கப்பட்டவை உள்ளன.

மணிக்கட்டுக்கு வருகிறேன். பனிப்பலகைச் சறுக்கில் அணியும் மணிக்கட்டுக் காப்புக்கென்றே 2020-இல் ஐஎஸ்ஓ 20320 என்ற சர்வதேசத் தரநிலை வந்துள்ளது. இந்தக் காப்பின் முதன்மை வேலை அடியைத் தாங்குவதன்று. விறைப்பான தகடு ஒன்றால் மணிக்கட்டு மடங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே ‘அடிதாங்கி’ இதற்குப் பொருந்தாது. ‘மணிக்கட்டுக் காப்பு’ என்றால் வளையலைத்தான் நினைப்பார்கள். முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் பத்தையை நினைத்து ‘மணிக்கட்டுப் பத்தை’ என்று வைத்திருக்கிறேன். முறிந்தபின் கட்டுவதன் பெயரை முறியாமலிருக்க அணிவதற்கு இடலாமா என்ற தயக்கம் எனக்கே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கையில் இருப்பவர்கள் எழுதுங்கள்.