புதுப்பிப்பு: காப்புத் தடைச் சோதனை, மறுதேர்வில் தேறிவிட்டேன்

எலக்ட்ரீஷியன் தகுதித் தேர்வின் செய்முறையில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காப்புத் தடை (கம்பிகளுக்கு இடையே மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறன்) 0.2 மெகா ஓம்தான் வந்தது, தோற்றேன் என்று எழுதியிருந்தேன். உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அளக்கும் மீட்டரை மாற்றியும் பயனில்லை. "இணைந்திருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பல்புகளைக் கழற்றியிருந்தேன், சாக்கெட்டுக்குள் ஃபேஸையும் நியூட்ரலையும் இணைத்தபடி இருந்த சிறிய நியான் விளக்கைக் கவனிக்கவே இல்லை! அதைப் பிரித்ததும் 500 வோல்ட் டிசி சோதனையில் 200 மெகா ஓமைத் தாண்டியது. குறைந்தபட்சத் தேவை 1 மெகா ஓம்.

எதிர்பாராத ஒன்று: தேர்வாளர் அதிகம் கவனித்தது அளவை அல்ல. மின்சாரம் நின்றதைச் சோதிக்கும் முன்னும் பின்னும், மின்சாரம் உறுதியாக உள்ள இடத்தில் டெஸ்டரைச் சரிபார்க்கிறேனா என்பதைத்தான். உயிர் காக்கும் பழக்கம், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.