சீன நண்பர்களின் ஆங்கிலத் தேர்வு: கூட இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஜியாங்சு மாகாணத்தில் மருத்துவம் படித்தவள்:

சீனாவில் படித்த நம்மவர்களுக்கு ஜூன், டிசம்பர் வந்தாலே கேம்பஸ் எப்படி மாறிப்போகும் என்று தெரியும். விடிகாலையில் ஏரிக்கரை, மாடிப்படி, மரத்தடி என எங்கே பார்த்தாலும் கையில் சொல் புத்தகத்தோடு பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். சி.இ.டி. எனப்படும் கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்குத்தான் இந்தப் பாடு. அவர்கள் பேச்சில் அது ஸ்ஸு ஜீ, லியூ ஜீ. அதாவது நான்காம் நிலை, ஆறாம் நிலை. 1987இல் தொடங்கி, இன்று ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் எழுதும் தேர்வு.

எனக்கு மொழித் துணையாக வாய்த்தவள் நர்சிங் முதலாண்டு மாணவி. கான்சு மாகாணத்தில் ஒரு மலைக்கிராமத்துப் பெண். வார்டில் நோயாளிகளோடு பேச எனக்குச் சீனம் வேண்டும், வெளிநாட்டவருக்கான சீனமொழித் தேர்வான ஹெச்.எஸ்.கே.யில் நான்காம் நிலையும் தேறியாக வேண்டும். அவளுக்கு ஸ்ஸு ஜீ. ஒரு மணி நேரம் அவள் மொழி, ஒரு மணி நேரம் ஆங்கிலம் என்று பேசிக்கொண்டோம். என்னை "ஷுவே ஜியே" என்றுதான் கூப்பிடுவாள். படிப்பில் மூத்த அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. இலக்கணத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. எவ்வளவு நீளமான வாக்கியத்தைக் கொடுத்தாலும் எழுவாய் எது, பயனிலை எது என்று பிரித்துக் காட்டிவிடுவாள். ஆனால் அதே வாக்கியத்தை நான் சாதாரண வேகத்தில் சொன்னால் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கண்ணால் கற்ற ஆங்கிலம் அது. காதுக்கு யாரும் எதுவும் தந்திருக்கவில்லை. அவள் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் பாதி நேரம் சீனத்திலேயே போய்விடும் என்றாள். நகரத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கிடைத்ததை இவள் கல்லூரிக்கு வந்த பிறகு தேட வேண்டியிருந்தது. இந்தத் தேர்வைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டென்றால் அது இதுதான். உழைப்பில் குறையே இல்லாத பிள்ளைகள் காதில் தோற்கிறார்கள்.

மொத்தம் 710 மதிப்பெண். அதில் கேட்டல் பகுதி மட்டும் 35 சதவீதம், வாசிப்பு 35, கட்டுரையும் மொழிபெயர்ப்பும் தலா 15. தேர்ச்சி மதிப்பெண் என்று அதிகாரபூர்வமாக ஏதும் இல்லை. ஆனால் 425 இல்லாமல் ஆறாம் நிலைக்குப் பதிவு செய்ய முடியாது. அதனால் எல்லோர் மனதிலும் அதுதான் கோடு. சொல் மனப்பாடத்தில் மூழ்கிக் கிடப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஸ்ஸு ஜீயில் கேட்டல் 25 நிமிடம். மூன்று செய்திகள், இரண்டு நீண்ட உரையாடல்கள், மூன்று பத்திகள், 25 கேள்விகள். ஒரே தடவைதான் ஒலிக்கும். முடிந்த கையோடு முதல் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். "அப்புறம் வட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம்" என்று வினாத்தாளில் குறித்து வைத்தவர்கள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு அழுததை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே பயிற்சியின்போதே 2பி பென்சிலோடு உட்கார வேண்டும். கேட்டுக்கொண்டே, அடுத்த கேள்வியின் விடைகளைக் கண் மேயும்போதே கை வட்டத்தை நிரப்ப வேண்டும்.

எங்கள் கல்லூரியில் ஒலி எஃப்.எம். அலைவரிசையில்தான் வரும். அதற்கென்றே தனி ஹெட்போன் வாங்க வேண்டும். தேர்வுக்கு முன்பு சோதனை ஒலிபரப்பு நடக்கும். அவளைத் தேர்வு நடக்கும் கட்டடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், அந்த மாடியிலேயே கேட்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் தெளிவாக வந்தது, சுவர் ஓரம் கரகரத்தது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் சரியாகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். புது பேட்டரி ஒன்றும் கைவசம். பரபரப்பில் பாதி இதிலேயே குறைந்துவிட்டது.

காதைப் பழக்க நாங்கள் செய்தது எளிமையானதுதான். பழைய வினாத்தாளில் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது. பிறகு எழுத்தைப் பார்த்து, எங்கே தவறியது என்று கோடிடுவது. கடைசியில் அந்தக் குரலோடு சேர்ந்து அதே வேகத்தில் சத்தமாகச் சொல்வது. நூலகத்தில் சத்தம் போட முடியாது, அதனால் ஹாஸ்டல் மாடிப்படிதான் எங்கள் வகுப்பறை. அவளுக்குத் தெரியாத சொற்களைவிட, தெரிந்த சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும் இடங்களில்தான் அதிகம் தவறியது. "நாட் அட் ஆல்" மூன்றும் அவளுக்குத் தெரியும். "நாட்டட்டால்" என்று ஒலித்தால் புதுச் சொல் என்று நினைத்துவிடுவாள். புணர்ச்சி விதி படித்து வளர்ந்த நமக்கு இது இயல்பு. ஒவ்வோர் அசையும் தனித்தனியாக நிற்கும் சீனத்திலிருந்து வருபவர்களுக்கு இதைச் சொல்லித்தான் தர வேண்டும். நம்மால் சொல்லித் தர முடியும்.

மொழிபெயர்ப்பு 2013 டிசம்பரில் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. நான்காம் நிலையில் 140 முதல் 160 எழுத்துகள் கொண்ட ஒரு சீனப் பத்தி. பெரும்பாலும் அவர்கள் நாட்டு வாழ்க்கை, வரலாறு, பண்பாடு. 2017 ஜூனில் யாங்சி, மஞ்சளாறு, முத்தாறு. 2019 ஜூனில் காகித வெட்டுக்கலை, சிங்க நடனம், விளக்குகள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கே வேறு வேறு தாள் வரும், அதனால் எது வரும் என்று ஊகித்துப் பயனில்லை. பெயர்ச்சொற்களை அவள் நிறையவே சேர்த்து வைத்திருந்தாள். இடறியது வினைச்சொல்லில். சீனத்தில் வினை காலத்துக்கு ஏற்ப உருமாறாது. எழுதி முடித்ததும் விரலை வைத்து வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் பழக்கினேன். நேற்று நடந்ததா, எப்போதும் நடப்பதா, ஒருவரா பலரா. இரண்டு நிமிட வேலை.

மனப்பாடக் கட்டுரை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சீனியர்கள் கைமாற்றிவிடும் அந்த முதல் வரியைத் திருத்துபவர்கள் அன்றைக்கே எத்தனையோ தடவை படித்திருப்பார்கள். அவள் தன் பாட்டியைப் பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதிக் காட்டிய பயிற்சிக் கட்டுரை, மனப்பாடம் செய்த எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. 425ஐத் தாண்டிவிட்டாள். மதிப்பெண் பட்டியலில் கேட்டல், வாசிப்பு, எழுத்தும் மொழிபெயர்ப்பும் என மூன்றாகப் பிரித்துப் போடுவார்கள். அவளுக்குக் கை கொடுத்தது கேட்டல்தான்.

வூஹான் ஆய்வகத்திலிருந்து:

மேலே அந்தத் தங்கை சொன்ன காது விஷயம் நூற்றுக்கு நூறு சரி. என் ஆய்வகத் தோழர் முதுகலை மாணவர், ஊர் ஹூபே. அந்தப் பக்கத்துப் பேச்சில் பலருக்கு 'ந'வும் 'ல'வும் ஒன்றுதான். "நைட்", "லைட்" இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி எது என்று கேட்டால் திணறுவார். நாக்கு எங்கே படுகிறது, மூச்சு மூக்கு வழியாக வருகிறதா என்று விரலை மூக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சொல்ல வந்த பிறகுதான் கேட்கவும் வந்தது.

அவர் எழுதியது ஆறாம் நிலை. ஆய்வுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் சரளமாகப் படிப்பவர், கேட்டலில் வரும் விரிவுரைகளில் தடுமாறி 425ஐத் தொடவில்லை. வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் முதல் கேள்வியே அந்தச் சான்றிதழ்தான். ஆய்வு செய்யத் தெரிந்தவரை ஒரு எண்ணால் தள்ளிவைப்பது எனக்கு ஏற்கவில்லை. சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் 2023இல் இளநிலைப் பட்டத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. மற்றவர்களும் செய்ய வேண்டும்.

செங்டு, பொறியியல்:

நான் பார்த்தது இறுதியாண்டு மாணவர் ஒருவரை. இந்தத் தேர்வைப் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் எழுத முடியும், பட்டம் வாங்கி வெளியே போய்விட்டால் கதவு மூடிவிடும். அவருக்கு அந்த ஜூன்தான் கடைசி வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் நேரம் போதாமல் மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டு வந்தவர்.

கேட்டல் முடிந்த பிறகு வாசிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 70 நிமிடம். அவர் தாளில் இருக்கும் வரிசையிலேயே போவார். முதலில் வருவது பத்துக் கோடிட்ட இடங்களுக்குப் பதினைந்து சொற்களிலிருந்து தேர்ந்து நிரப்புவது. அதில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் போய்விடும். அந்தப் பகுதிக்கு மொத்தமே 5 சதவீதம். பின்னால் வரும் இரண்டு பத்திகளுக்கு 20. வரிசையை மாற்றினோம். முதலில் அந்த இரண்டு பத்திகள், அடுத்து மொழிபெயர்ப்பு, அப்புறம் எந்தக் கருத்து எந்தப் பத்தியில் என்று பொருத்துவது, மிச்ச நேரத்தில் கோடிட்ட இடம். கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகு போன் டைமரை வைத்துக்கொண்டு இதே வரிசையில் பழகினார். தேர்வன்று மொழிபெயர்ப்பின் கடைசி வரிவரை எழுதிவிட்டு வந்தேன் என்று அவர் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. முடிவு வரும்போது ஷென்ஜெனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார். தேறிவிட்டார்.

இந்த டிசம்பருக்கு யாராவது நண்பருக்கு உதவப்போகிறீர்கள் என்றால் 2016 ஜூனுக்கு முந்தைய தாள்களில் கேட்டல் பகுதியை எடுக்காதீர்கள். அப்போது குறு உரையாடல்களும் சொல்வதெழுதலும் இருந்தன, செய்திகள் இல்லை. வாசிப்புக்கு அந்தத் தாள்களும் உதவும்.