எல்லை தாண்டிய இளைஞர் கூட்டுப் பணிக்கு டிசைன் ஸ்பிரிண்ட்: குமரிக் கரையிலிருந்து சில அனுபவங்கள்

மணக்குடிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சிலர், அந்த நாளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒலித்தொடராக்க விரும்பினார்கள். மேலமணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் பகுதிப் பிள்ளைகளோடு மட்டக்களப்பு, முல்லைத்தீவுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் இணையவழிக் கூட்டங்கள் பேச்சிலேயே கழிந்தன. நல்ல இணைப்பும் மைக்கும் வைத்திருந்தவர்களே பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் "சரி அண்ணா" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்நிலையில்தான், ஒரு யோசனையை ஐந்தே நாளில் மாதிரியாக்கிச் சோதித்துப் பார்க்கும் டிசைன் ஸ்பிரிண்ட் முறையைக் கையில் எடுத்தோம். கூகுளில் பணியாற்றிய ஜேக் நாப் 2010-இல் வகுக்கத் தொடங்கிய இம்முறையில், திங்களன்று சிக்கலை வரைபடமாக்கி, செவ்வாயன்று ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்வு வரைந்து, புதனன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வியாழனன்று மாதிரி செய்து, வெள்ளியன்று ஐந்து பேரிடம் அதைச் சோதித்துவிட வேண்டும். 2006 முதல் இலங்கையின் கடிகாரமும் நமது கடிகாரமும் ஒன்றாகவே ஓடுவதால் நேரம் குறிப்பதில் தொல்லை இல்லை.

எங்களுக்கு மிகவும் உதவியது செவ்வாய்க்கிழமைப் பயிற்சியே. ஒரு தாளை எட்டாக மடித்து, எட்டு நிமிடத்தில் எட்டுக் கட்டங்களிலும் ஒவ்வொரு யோசனையை வரைய வேண்டும், பேசக் கூடாது. வரைந்த தாள்களைப் படமெடுத்து ஒருவருக்கு மட்டும் அனுப்பினோம். அவர் பெயர்களை நீக்கிவிட்டு வாட்ஸ்அப் குழுவில் இட்டார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத முல்லைத்தீவுத் தங்கை ஒருத்தி, ஒரு கட்டத்தில் வெறும் நாற்காலியை நோக்கிக் கைப்பேசியை நீட்டும் சிறுமியை வரைந்திருந்தாள். கேள்விகள் மட்டும் ஒலிக்கும், பதில் சொல்ல ஆளில்லாத ஓர் அத்தியாயம் என்பது அதன் பொருள். வரைந்தவர் யாரென்று தெரியாமலேயே அதிக வாக்குகள் அதற்கு விழுந்தன.

இம்முறையில் இறுதி முடிவு ஒருவர் கையில் இருக்கும். கருவிகள் எங்கள் பக்கம் இருந்ததால் அந்தப் பொறுப்பும் தன்னால் எங்களிடமே வந்து சேர்ந்திருக்கும். ஆகவே கதை பற்றிய முடிவு மட்டக்களப்புக்கு, ஒலியும் வெளியீடும் பற்றிய முடிவு எங்களுக்கு என்று முதல் நாளே எழுதிக்கொண்டோம். இதை எழுதாமல் எல்லை தாண்டிய எந்தப் பணியையும் தொடங்கவே கூடாது என்பது என் திடமான கருத்து.

மாதிரி என்பது கைப்பேசியில் பதிந்த சிறு ஒலிக்கோப்புதான். கடல் இரைச்சல் மெல்ல எழுந்து பெருகுவதாகத் தொடக்கம் அமைந்திருந்தது; பிள்ளைகள் அனைவருக்கும் அது பிடித்திருந்தது. கொட்டில்பாட்டில் ஒரு பாட்டி, இரைச்சல் பெருகத் தொடங்கியதுமே கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்து, "அத நிறுத்து மக்களே, நான் வாயால சொல்லுதேன்" என்றார். மட்டக்களப்பிலும் ஒரு பெரியவர் அந்த இடத்தில் எழுந்து போய்விட்டார். அன்று மாலையே இரைச்சலை நீக்கி, மனிதக் குரலில் தொடங்கும்படி மாற்றிவிட்டார்கள். தொடர் முழுவதும் முடிந்த பிறகு இது தெரிய வந்திருந்தால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகியிருக்கும். அதைவிட, எத்தனையோ வீடுகளில் ஆறாத புண்ணைக் கிளறியிருப்போம்.

குழித்துறை ஆசிரியை:

அண்ணாச்சி, எங்கள் எல்லை நடந்தே கடக்கக்கூடியது. நீரோடி, வள்ளவிளைப் பிள்ளைகளும் கேரளத்தின் பொழியூர்ப் பிள்ளைகளும், 2017 ஒக்கிப் புயலை மனத்தில் வைத்து, புயல் எச்சரிக்கை பற்றிய காணொளியைச் சேர்ந்து உருவாக்கினார்கள். ஒரு பக்கத்தார் எழுத்து மற்றவருக்கு வாசிக்க வராது என்பதால், படமாக வரைந்து முடிவெடுக்கும் முறை எங்களுக்கு வெகுவாகப் பொருந்தியது. ஆனால் வீட்டில் படகு வேலையும் வலை வேலையும் பார்க்கும் பிள்ளைகளால் ஐந்து நாள் தொடர்ந்து வர இயலாது. ஞாயிறுதோறும் கூடினோம், சூடு சற்றுக் குறைந்தாலும் எவரும் விலகவில்லை.

சோதனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பேர் போதும் என்பது சரிதான், ஆனால் அந்த ஐவர் உறவினராக இருக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் "நல்லாருக்கு" என்றே சொன்னார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் முன்பின் தெரியாத ஆழ்கடல் மீனவர் ஒருவர்தான், "உள்ள போனா சிக்னலே கெடையாதே, இத எப்பப் பாக்க?" என்று கேட்டார். அதன் பிறகே, படகு புறப்படும் முன் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளத்தக்க அளவுக்குக் கோப்பைச் சிறியதாக்கினோம்.

உறவுகளை இழந்தவர்களிடம் மாதிரியைப் போட்டுக் காட்டும்போது நீங்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்கிறீர்கள்?

மணக்குடிக்காரர்:

டீச்சர், மாதிரியில் என்ன ஒலிக்கப் போகிறது என்பதை அவர்களிடம் முதலிலேயே முழுவதும் சொல்லிவிடுகிறோம். வீட்டார் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். அவர்கள் பேசியதைத் தொடரில் சேர்ப்பதற்குத் தனியாக, வேறொரு நாளில்தான் அனுமதி கேட்போம், ஏனெனில் மனம் கலங்கியிருக்கும் வேளையில் பெற்ற சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. இதற்கான படிவத்தை மட்டக்களப்பு நண்பர்களே எழுதினார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றால் அவர்களிடம் கேட்டு அனுப்பி வைக்கிறேன்.