மற்ற நாய்களோடு பழகாத நாய்: முதல் சந்திப்பு அனுபவங்கள்

வாலாட்டி:
காப்பகத்திலிருந்து வந்த மின்னி, இரண்டு வயதுவரை வேறு நாயோடு பழகியதே இல்லை. தங்கை வீட்டு லேப்ரடாரோடு சேர்த்துவிடலாம் என்று காலி மைதானத்துக்குப் போனோம். அங்கே நடந்தது இன்னும் மனதைக் குடைகிறது. அவள் குரைக்கவில்லை, உறுமவில்லை. வாயை இறுக மூடி, உடம்பு விறைத்து, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினாள். வெள்ளை விழி தெரிந்தது. "எவ்வளவு சமத்தா நிக்குது பாருங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். சொல்லி முடிப்பதற்குள் லேப்ரடாரின் காது அவள் வாயில்.

தெருவோரம்:
எங்கள் வீட்டிலும் காது கிழிந்திருக்கிறது. கயிறுதான் பிரச்சினை. அவிழ்த்துவிட்டால் அதுகளே தீர்த்துக்கொள்ளும்.

நாலுகால்:
தெருவோரம், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். அப்படி அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று மேலே வந்து விழுந்ததில், எங்கள் ராஜா கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளினால்தான் தின்றான். குட்டி உலகத்தோடு பழகும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 12–14 வாரம்வரை. அதைத் தவறவிட்ட நாய்க்கு மற்ற நாயின் பாஷையே சரியாகப் புரியாது, எதைத் தீர்த்துக்கொள்ளும்?

எதிரெதிரே நிறுத்தாமல், நல்ல இடைவெளி விட்டு இரண்டையும் ஒரே திசையில் நடத்துங்கள். மற்றதைப் பார்த்துக்கொண்டே தீனி வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. மறுத்தால் இன்னும் விலகுங்கள். ஒன்று மூத்திரம் விட்ட இடத்தை மற்றது மோந்து பார்க்கட்டும். அப்புறம் கிட்டே விடும்போது கயிறு தொய்வாக இருக்கட்டும், 2–3 நொடி மோந்ததும் கூப்பிட்டு விலக்குங்கள். துணைக்கு நிதானமான, வளர்ந்த நாய் வேண்டும், துள்ளும் குட்டி வேண்டாம். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலை அடக்கிவிட்டால் அடுத்தமுறை சொல்லாமலே கடிக்கும்.

தெருவோரம்:
நான் சொன்னது வேலி போட்ட இடத்தில். இறுக்கிப் பிடித்த கயிற்றில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன் தெரியுமா?

நாலுகால்:
இறுக்கிப் பிடிக்க யார் சொன்னது? தொய்வாக என்றுதானே எழுதினேன்.

சின்னப்பொண்ணு:
பைரவிக்கு வீட்டிலேயே தீனி கொடுத்துக் கொடுத்துக் கூடை மாதிரியான மசில் (கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் உறை) பழக்கினோம். அதைப் போட்டாலும் மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கும் துணி மசில் இதற்கு ஆகாது. பல வாரம் தள்ளித் தள்ளி நடந்த பிறகு, ஒருநாள் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி மற்ற நாயை விளையாடக் கூப்பிட்டாள். எட்டு வயதில்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது அந்த நாய் வீட்டுக்கே வருகிறது. பந்துகளை மட்டும் எடுத்து வைத்துவிடுகிறோம், பந்தென்றால் இன்னும் உரசல்தான்.