படத்தில் காணாமல் போன கடற்கரை ஆட்கள்

நாவலைப் படமாக்கும்போது எதை வெட்டினால் வலிக்கிறது என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். டோல்கீனின் நாவலை வைத்து எடுத்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களில், காட்டில் வாழும் விசித்திர மனிதர் டாம் பாம்படில் இல்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவர் இல்லாமலும் கதை ஓடும். மூன்றாவது படத்தில் கப்பல்கள் வந்து சேரும் இடத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2003இல் வந்த அந்தப் படத்தைப் பாம்பனில் எங்கள் வீட்டு டிவியில் சித்தப்பாவோடு பார்த்தேன். அவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், நாவல் பக்கம் போனதில்லை. எதிரி முற்றுகையிட்ட கோண்டோர் நாட்டுக் கோட்டைக்கு முன்னால், உதவிக்கு வந்த ரோகன் நாட்டுக் குதிரைவீரர்கள் 6,000 பேர் மோதுகிறார்கள். அவர்களுடைய ராஜா விழுந்துவிடுகிறார். அந்த நேரத்தில் கப்பலிலிருந்து கோண்டோரின் அரச வாரிசு அரகார்ன் குதிக்கிறான், அவன் பின்னால் பச்சை நிறத்தில் பேய்ப்படை. கொஞ்ச நேரத்தில் யானை முதற்கொண்டு எதிரிப்படை மொத்தமும் காலி.

சித்தப்பா கேட்டார்: “ஏத்தா, இதுகளே போதும்னா அந்தக் குதிரைக்காரப் பயலுக எதுக்குச் செத்தானுக? செத்த நேரம் பொறுத்து வந்திருந்தா ராஜாவும் பொழைச்சிருப்பாருல்ல?”

1955இல் வெளிவந்த நாவலின் மூன்றாம் பாகத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. டோல்கீனின் பேய்ப்படை கோட்டைக்கு வருவதே கிடையாது. அவர்களுடைய ஆயுதம் பயம் மட்டும்தான். தெற்கே பெலார்கிர் துறைமுகத்தில் நின்ற 50 பெரிய கப்பல்களிலிருந்தும் எண்ணற்ற சிறு கலங்களிலிருந்தும் எதிரியின் பக்கம் நின்ற கொள்ளையர்களை விரட்டியதோடு, போருக்கு வருவதாகச் சத்தியம் செய்து மீறிய அவர்களுடைய பழைய கடன் தீர்ந்தது. அங்கேயே அரகார்ன் அவர்களை விடுவித்துவிடுகிறான்.

அப்படியானால் கப்பலை ஓட்டி வந்தது யார்? துடுப்புக் கட்டையோடு சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த கைதிகள். அவர்களில் பலர் கரையோர ஊர்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட கோண்டோர் நாட்டு ஜனங்கள்தான். சங்கிலியை அவிழ்த்துவிட்டதும் அதே துடுப்பைத் தங்கள் ஊருக்காகப் போடுகிறார்கள். அவர்களோடு தெற்குச் சீமை ஆட்களும் ஏறிக்கொள்கிறார்கள். அக்கரையில் பிடிபட்டு, சிறையிலிருந்து திரும்பிய ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை என்னால் சாதாரணமாகப் படித்துத் தாண்ட முடியவில்லை.

சித்தப்பாவுக்கு இதைச் சொன்னேன். ஆற்றை எதிர்த்து, காற்றும் இல்லாமல், துடுப்பு போட்டு வடக்கே ஏறுகிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெரிய கப்பலு, எதுத்த நீவாடு. காத்து எப்போ எடுத்துச்சு?” நடுராத்திரியில், ஆற்று முகத்துவாரத்துக் கடலோடிகள் தெற்கே பார்த்து, கடலிலிருந்து காற்று வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறார்கள், விடியும் முன்னரே பாய் விரிக்கிறார்கள் என்றேன். “அப்போ சோழகந்தான். அது சரி” என்றார். அரகார்ன் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்ததற்கு அந்தக் கடலோடிகள் கணித்த காற்றும் ஒரு காரணம். வந்த பிறகும் சண்டை எளிதில் முடியவில்லை, பொழுது சாயும் வரை நடக்கிறது. குதிரைவீரர்களின் சாவு வீணாகாதது அதனால்தான்.

பேய்களைப் பார்க்க அழகாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அழகுக்காக உயிருள்ள கடற்கரை மனிதர்கள் அத்தனை பேரையும் கதையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

தொண்டிக்காரன்:
அக்கா, நான் படம் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்குப் போனேன். படத்தில் கோண்டோர் தளபதி ஃபாரமிர், ஆளைக் கெடுக்கும் அந்த மோதிரத்தைக் கைப்பற்ற நினைத்து, அதை அழிக்க எடுத்துப் போகும் ஃப்ரோடோவையும் கூடப் போகும் சாமையும் ஒஸ்கிலியாத் நகரம் வரைக்கும் இழுத்துப் போவான் இல்லையா? அதனால் புத்தகத்தில் இவன் எப்போது மாறுவான், எப்போது கையை வைப்பான் என்று பக்கத்துக்குப் பக்கம் பயந்தேன். கடைசிவரை அவன் கெடவே இல்லை. வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறான். ஒரு நல்ல மனிதனை அவ்வளவு நேரம் சந்தேகப்பட வைத்துவிட்டது அந்தப் படம். ஆனாலும் எடுத்தவர்கள் சொன்ன காரணம் நியாயமாகப் படுகிறது: மோதிரத்தை ஒருவன் சுலபமாக உதறிவிட்டால், அதைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

பதில்:
தம்பி, அந்தப் பயத்துக்குத்தான் அவன் அண்ணன் போரொமிர் இருக்கிறானே! மோதிரம் என்ன செய்யும் என்பதை முதல் படத்திலேயே அவனை வைத்துக் காட்டியாயிற்று. ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூத்தவன் விழுந்த இடத்தில் இளையவன் நிற்கிறான். இளையவனையும் தடுமாற வைத்தால் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. இரண்டாம் படத்தின் நீண்ட பதிப்பு கிடைத்தால் பார். அப்பாவும் இரண்டு மகன்களும் வரும் காட்சி ஒன்று அதில் உண்டு, தியேட்டரில் வந்த படத்தில் இல்லை. இவன் ஏன் அப்பாவிடம் நல்ல பேர் வாங்க அப்படித் தவிக்கிறான் என்பது அதில்தான் புரியும்.