இங்கிலீஷ் கிளாஸ்ல நடந்து இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம், உங்களது என்ன?

வெள்ளாறு_டீச்சர்

ரன்னிங் டிக்டேஷன் பண்ணிப் பாக்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க, அதனால விளக்கம் வேண்டாம். பிரிட்டிஷ் கவுன்சிலோட டீச்சிங் இங்கிலீஷ் சைட்ல படிச்சுட்டு ஆசையா பண்ணேன். எங்களுது ஈராசிரியர் பள்ளி, அன்னைக்கு ஹெச்.எம் மீட்டிங் போயிட்டாங்க, மொத்தப் பள்ளிக்கும் நான் ஒருத்திதான், அதனால நாலாவதையும் அஞ்சாவதையும் ஒண்ணா உக்கார வச்சு, வராண்டா தூண்ல நாலு சென்டென்ஸ் ஒட்டிட்டேன். மை டாக் இஸ் பிரவுன், அந்த ரேஞ்ச்தான். ஓடறவங்க பாத்து மனசுல வச்சுட்டு வந்து பார்ட்னர்கிட்ட சொல்லணும், பார்ட்னர் எழுதணும், தூண் கிட்ட நின்னு எழுதக் கூடாது.

பசங்க பறக்கறாங்க. ஒருத்தன் மட்டும் தூண் பக்கத்துலயே நிக்கறான், ரொம்ப நேரம். அப்புறம் ஓடி வந்தான், வாயே திறக்கல, பார்ட்னர் முன்னாடி உள்ளங்கையை விரிச்சுக் காட்டறான். நீலப் பேனாவுல ஏதோ எழுதியிருக்கு. நான் "டேய், சீட்டிங்கா பண்ற"ன்னு கத்திட்டேன், எல்லாம் சிரிச்சுடுச்சுங்க. அவன் கையை மூடிக்கிட்டான். அப்புறம் டிராயர்ல வச்சு தேச்சான், தேச்சுக்கிட்டே இருந்தான்.

சாயந்திரம் நோட்டு பாக்கறேன், அவன் பார்ட்னர் நோட்டுல முதல் வரி மட்டும் இருக்கு, ஒரு எழுத்து கூட தப்பில்ல. அவனுக்கு இங்கிலீஷ் படிக்கவே வராது, அரசோட எண்ணும் எழுத்தும் திட்டப்படி அப்பவும் அவன் அரும்புதான், அதாவது ஆரம்ப நிலை. படிக்கத் தெரியாதவன் கோலம் பாத்துப் போடற மாதிரி ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்து கையில வரைஞ்சு எடுத்துட்டு வந்திருக்கான். ரெண்டு வருஷம் ஆகுது. அந்தக் கை மூடினது இன்னும் கண்ணுல நிக்குது.

சாக்பீஸ்_சண்முகம்

டீச்சர் தப்பா எடுத்துக்காதீங்க, ரூல்னா ரூல்தான். கையில எழுதலாம்னு விட்டா அடுத்த தடவை முப்பது பேரும் பேனாவோட ஓடுவான், அப்புறம் அதுக்குப் பேரு டிக்டேஷன் இல்ல காப்பி. எங்க கிளாஸ்ல ஒருத்தன் ஓடறதுக்கே சோம்பேறித்தனப்பட்டு சுவத்துக்கிட்டயே நின்னு சத்தமா கத்திக் கத்திச் சொன்னான், அவன் பார்ட்னரோட சேந்து கிளாஸே எழுதிடுச்சு, பக்கத்து கிளாஸ் சார் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து "என்ன சார் ஏலமா போடறீங்க"ன்னாரு. அன்னையோட விட்டேன்.

கோட்டு_மிஸ்

என் பேரு ஏன் இதுன்னு கடைசியில புரியும்.

நெட்ல எங்க தேடினாலும் கிடைக்குமே அந்த பெட்ரூம் ஒர்க்ஷீட். கட்டில், அதுமேல கரடி பொம்மை, கீழ ஒரு ஷூ. இன், ஆன், அண்டர் சொல்லிக் குடுக்க. என் காசுலதான் ஜெராக்ஸ். ஆறாவதுக்குக் குடுத்து, கடைசியில உங்க ரூமை வரைஞ்சு அதைப் பத்தி மூணு வரி எழுதுங்கன்னு சொன்னேன். இது ராமநாதபுரம் பக்கம், ஒரு ரூமுன்னு தனியா எத்தனை வீட்ல இருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல, அது என் தப்பு.

ஒரு புள்ள "த கோட் இஸ் அண்டர் த பெட்"னு எழுதியிருந்துச்சு. முதல் எழுத்து ஜி. நான் சட்டைமேல போடற கோட்டுன்னு நினைச்சுட்டு ஜி-யை அடிச்சு சி போட்டு, வழக்கம்போல "திருத்தம் அஞ்சு தடவை"ன்னு எழுதிட்டேன். அதுவும் ஒண்ணும் சொல்லாம மறுநாள் அஞ்சு தடவை சரியா சி போட்டு எழுதிட்டு வந்து நீட்டுது. அப்பத்தான் படத்தைப் பாக்கறேன். கட்டிலுக்குக் கீழ நாலு காலு, ரெண்டு கொம்பு, கழுத்துல கயிறு.

"ஏம்மா ஆடுன்னு சொல்ல வேண்டியதுதானே"ன்னேன். "நீங்க கோட்டுன்னு திருத்துனீங்க மிஸ், எங்க வீட்ல கோட்டு இல்ல மிஸ்"னு சொல்லுச்சு. மழைக்காலத்துல குட்டிய உள்ளதான் கட்டுவாங்களாம்.

புள்ளி_வச்ச_எழுத்து

கோட்டு மிஸ், சிரிச்சு முடியலீங்க. ஆனா அது அந்தப் புள்ள தப்பும் இல்ல உங்க தப்பும் இல்ல, நமக்கு இருக்கறது ஒரே க-தானுங்க, காகத்துல முதல்ல வர்ற க வேற மாதிரி ஒலிக்குது நடுவுல வர்றது வேற மாதிரி ஒலிக்குது, ஆனா எழுத்து ஒண்ணு. இங்கிலீஷ்காரனுக்கு சி, கே, ஜி எல்லாம் தனித்தனி. ப-வும் அப்படித்தான், பேக்குன்னு சொன்னா முதுகா பொட்டலமான்னு பாத்துதான் எழுதணும்.

என்னோடது ஃபோனிக்ஸ், எழுத்தோட பேரைச் சொல்லாம ஒலியைச் சொல்லிச் சேத்துப் படிக்க வைக்கறது. டிரெயினிங்ல சொன்ன மாதிரி எஸ், ஏ, டி, ஐ, பி, என்-னு அந்த வரிசையில ஆரம்பிச்சேன், ஏபிசிடி வரிசை இல்ல, இந்த ஆறு எழுத்தை வச்சே நிறைய குட்டி வார்த்தை வரும்ங்கறதுக்காக. கூடவே ஒரு யூடியூப் வீடியோ. அந்த வீடியோவுல வர்ற அம்மா ஒவ்வொரு எழுத்துக்கும் க, ட, ப-ன்னு இழுத்து இழுத்துச் சொல்லுது. எங்க ரெண்டாவது பசங்களும் க, ஏ, ட-ன்னு சொல்லிச் சேத்தா "கஏட" வருதே தவிர பூனை வரவே மாட்டேங்குது. நானும் ஃபாஸ்டா சொல்லு ஃபாஸ்டா சொல்லுன்னு தொண்டை வத்திப் போச்சுங்க.

அப்ப முன்னாடி உக்காந்திருந்த ஒரு குட்டி எந்திரிச்சு வந்து, "மிஸ், புள்ளி வைக்க மறந்துட்டீங்க"ன்னு சாக்பீஸை வாங்கி போர்டுல சி தலையில ஒரு புள்ளி, டி தலையில ஒரு புள்ளி வச்சா. திரும்பி கிளாஸைப் பாத்து "க், ஏ, ட்"னு சொன்னா. எல்லாம் ஒரே குரல்ல "கேட்"டுன்னு கத்துச்சுங்க. நாலு நாளா நான் மல்லுக்கட்டுனதை ரெண்டு புள்ளியில முடிச்சுட்டா.

இதுல என்ன உறுத்தல்னு கேப்பீங்க. அடுத்த நாள் விசிட் வந்தாங்க. போர்டுல இங்கிலீஷ் எழுத்து மேல புள்ளி. "என்ன டீச்சர் இது"ன்னு கேட்டதும் நான் "பசங்க ஏதோ கிறுக்கிட்டாங்க சார்"னு சொல்லி அழிச்சுட்டேனுங்க. அவ முதல் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு இருந்தா.

ஏழாம்_அறை

ஃபோனிக்ஸ் ஃபோனிக்ஸ்னு ஆளாளுக்குக் கொண்டாடறீங்க, அது எத்தனை நாளைக்கு ஓடும்? எழுத்து 26, ஒலி 44, இதுல புள்ளி வச்சு எங்க போறது. ஒன், ஸெட், தெயர் இதெல்லாம் எந்த ஒலியில சேரும்? என் ஏழாவதுல ஒரு பையன், தொடக்கப் பள்ளியில நல்லா ஃபோனிக்ஸ் படிச்சவன், "நைஃப்"ங்கற வார்த்தையை "க்னிஃபெ"ன்னு படிச்சான், எல்லா எழுத்துக்கும் மரியாதை குடுத்து. நான் கே சைலண்ட்டுன்னேன். "பேசாத எழுத்துக்கு எதுக்கு சார் இடம் குடுத்திருக்கான்"னு கேட்டான். எனக்கு பதில் தெரியல. பிற்பாடு படிச்சப்பதான் பழைய காலத்துல அந்த கே-யையும் சேத்துதான் உச்சரிச்சாங்கன்னு தெரிஞ்சுது, அதைச் சொல்றதுக்குள்ள அவன் டிசி வாங்கிட்டுப் போயிட்டான், அப்பா செங்கல் சூளைக்கு வேலை மாறிட்டாரு.

நான் மூணாவதுலதான் ஏபிசிடியே பாத்தேன், எனக்கு யாரும் ஃபோனிக்ஸ் சொல்லல, வந்துடுச்சுல்ல?

புள்ளி_வச்ச_எழுத்து

உங்களுக்கு வந்துச்சுங்க சார். உங்ககூட மூணாவது படிச்ச மத்தவங்களுக்கு வந்துச்சான்னு விசாரிச்சீங்களா?

மடிப்பாக்கம்_அப்பா

நான் டீச்சர் இல்ல, சும்மா படிக்க வந்தேன். என் பொண்ணு படிச்ச ஸ்கூல்ல (பேர் வேண்டாம்) தமிழ்ல பேசினா ஒரு ரூபா ஃபைன், அதுக்கு கிளாஸ்ல ஒரு உண்டியல். அதையும் ஆக்டிவிட்டின்னுதான் டைரியில எழுதி அனுப்பினாங்க. ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டறா, கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கிரவுண்டுல கட்டெறும்புப் புத்து மேல நின்னிருக்கா. மிஸ்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டா, "கட்டெறும்புக்கு இங்கிலீஷ்ல தெரியலப்பா, ஆன்ட்னு சொன்னா சின்ன எறும்புன்னு நினைச்சுப்பாங்க"ங்கறா. ஒரு ரூபா அவ பாக்கெட்ல இருந்துச்சு, அதைக் குடுத்துட்டாவது சொல்லியிருக்கலாம்ல. அதையும் கேட்டேன். ஒண்ணும் சொல்லல.

சாக்பீஸ்_சண்முகம்

சார் உங்க கஷ்டம் புரியுது, ஆனா இது ஆக்டிவிட்டி பத்தின பேச்சு, ஃபைன் மேட்டர் வேற.

மடிப்பாக்கம்_அப்பா

அவங்களும் ஆக்டிவிட்டின்னுதான் சார் சொன்னாங்க.

தெருமுனை_அக்கா

இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்தேன், தஞ்சாவூர் பக்கம், கொரோனா கொஞ்சம் அடங்கி 2021 கடைசியில ஆரம்பிச்சதுல இருந்து. எங்க வீட்டுத் திண்ணைதான் கிளாஸ், சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல, மாசம் ஆயிரம் ரூபா. வெளிச்சம் இருக்கற வரைக்கும் விளையாட்டு, அதுக்கப்புறம் எழுத்து.

சைமன் சேஸ் எல்லாருக்கும் தெரியும். டச் யுவர் நோஸ்னு சொன்னா தொடக் கூடாது, சைமன் சேஸ்னு சேத்துச் சொன்னாதான் தொடணும். எதிர்வீட்டு ஆயா தெனமும் வாசல்ல உக்காந்து பாக்கும், ஒரு நாள் பசங்களோட அதுவும் நின்னுச்சு. முதல் ரவுண்டுலயே மூக்கைத் தொட்டு அவுட். பசங்க "ஆயா அவுட்டு ஆயா அவுட்டு"ன்னு குதிக்குதுங்க. ஆயாவுக்குக் கோவம் வந்துடுச்சு, "எவன்டா அவன் சைமன், எம்மூக்கை நான் தொடறதுக்கு அவனைக் கேக்கணுமா?" அதுல இருந்து எங்க தெருவுல அது ஆயா சேஸ். ஆயா சேஸ் க்ளோஸ் யுவர் ஐஸ், ஆயா சேஸ் ஜம்ப்னு ஒரே அமர்க்களம். வேற ஊருல இருந்து வந்த பசங்களுக்குக் கூட அப்படித்தான் தெரியும். வாயால பேச வராத பசங்ககூட காதுல வாங்கி உடம்பால செஞ்சுடும், அதுதான் அந்த விளையாட்டுல எனக்குப் புடிச்சது.

ஒரு நாள் பசங்க போனதும் ஆயா கிட்ட வந்து, "எனக்கும் அந்த பஸ்ஸு போர்டுல இருக்கறதைப் படிக்கச் சொல்லித் தர்றியா"ன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுட்டேன். கிண்டலா இல்ல, சும்மா வந்த சிரிப்பு. அதுவும் கூடவே சிரிச்சுட்டுப் போயிடுச்சு. மறுபடி கேக்கல, நானும் கேக்கல.

ஓய்வு_வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னதுதான். நாம படிச்சா கேட்டுட்டு ஸ்டார் குடுக்குமே அந்த மாதிரி ஒரு ஆப்பை என் பேத்தி வகுப்புல ஒரு போனை வச்சு மாத்தி மாத்திப் படிக்க விட்டாங்க, அவ கீச்சுக் குரல், போனுக்கு ஏறவே இல்ல, சரியாப் படிச்சும் ஒரு ஸ்டார் கூட வரல. வீட்ல வந்து போனைப் பாத்து "உனக்கு காது கேக்காதா"ன்னு திட்டுனா. அவ்வளவுதான்.

இப்ப உங்க எல்லாருக்கும் சில விஷயம் சொல்றேன், யாரும் கேக்கல, இருந்தாலும் முப்பது வருஷம் கரும்பலகையோட வாழ்ந்தவன், சொல்லாம இருக்க முடியாது. முதல்ல, வகுப்புல நின்னுக்கிட்டு நெட்டைத் தேடாதீங்க. வீட்லயே டவுன்லோடு பண்ணிட்டு வாங்க. ஸ்பீக்கர் இல்லையா, போனை ஒரு வெறும் சொம்புல போடுங்க, பத்துப் பேருக்குக் கேக்கும். 2018-ல இருந்து பாடப் புத்தகத்துல க்யூஆர் கோடு இருக்கு, அதைக் குழந்தைங்க முன்னாடிதான் முதல் தடவையா ஸ்கேன் பண்ணுவேன்னு நின்னா சுத்துற வட்டத்தை நாப்பது பேரும் பாத்துட்டு உக்கார வேண்டியதுதான். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் இருக்கு, 2015-ல இருந்து இருக்கு, பைசா கிடையாது, பிரிண்ட் எடுக்கலாம், மொழிபெயர்க்கக் கூடச் செய்யலாம், அதுக்கு அனுமதி குடுத்தே போட்டிருக்காங்க. நிறைய கதைங்க தமிழ்லயும் இருக்கும் இங்கிலீஷ்லயும் இருக்கும். இன்னைக்குத் தமிழ்ல வாசிங்க, நாளைக்கு அதே கதையை இங்கிலீஷ்ல வாசிங்க, கதை ஏற்கெனவே தெரிஞ்சதால பயம் போயிடும், காது மட்டும் வேலை செய்யும். லெவல் ஒண்ணுல ஆரம்பிங்க, அஞ்சாவதுக்குக் கூட லெவல் ஒண்ணுதான், கௌரவம் பாக்காதீங்க. அப்புறம் தெருமுனை அக்கா பண்ணது வெறும் விளையாட்டு இல்ல, கட்டளையைக் கேட்டு உடம்பால செய்யறதுன்னு ஜேம்ஸ் ஆஷர்ங்கற அமெரிக்க உளவியல்காரர் அறுபதுகள்லயே இதை ஒரு முறையா வச்சாரு, பி.எட் படிச்சவங்க டிபிஆர்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. கொஞ்ச நாள் பேசாம கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கற குழந்தையை வற்புறுத்தி வாயைத் திறக்க வைக்காதீங்க. கோட்டு மிஸ்ஸுக்கு: பெட்ரூமுக்குப் பதிலா பஸ் ஸ்டாண்டு வைங்க. ஒருத்தன் கையில டைம் மட்டும் இருக்கற சீட்டு, இன்னொருத்தன் கையில ஊர் மட்டும் இருக்கற சீட்டு, ஒருத்தரை ஒருத்தர் கேட்டாதான் முழுசாகும், பாத்துக்கக் கூடாது. இதெல்லாம் 2007 வாக்குல ஏபிஎல், அதான் செயல்வழிக் கற்றல், வந்தப்ப பாட அட்டையும் படிப்படியா ஏறற ஏணிப் படமுமா தமிழ்நாடு பூரா பண்ணிப் பாத்தோம், தரையில உக்காந்து பண்ணோம், மூட்டு வலிதான் மிச்சம்னு பேசிக்குவோம், ஆனா அந்த அட்டையில தப்பு பண்ணா யாரும் கத்த மாட்டாங்க. வெள்ளாறு டீச்சர் இதைக் கவனிக்கணும்.

வெள்ளாறு_டீச்சர்

ஐயா, நான் கத்துனதை நானேதான் எழுதினேன், நீங்க மறுபடி சொல்லணுமா? அட்டை எங்க ஸ்கூல்லயும் இருந்துச்சு, பீரோவுல, செல்லு அரிச்சு. பஸ் ஸ்டாண்டு ஐடியா நல்லாருக்கு, எடுத்துக்கறேன்.

சண்முகம் சார், ரூல் பத்தி நீங்க சொன்னதையும் யோசிச்சேன். அடுத்த தடவை நாலு பேருக்கு மட்டும் சென்டென்ஸ் இல்லாம படம் ஒட்டினேன், நாய், குடை, அந்த மாதிரி. அவன் படத்தைப் பாத்துட்டு ஓடி வந்து "டாக்"குன்னு வாயால சொன்னான். ஆனா சொல்லும்போது வலது கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டான்.

கோட்டு_மிஸ்

டீச்சர்...

சாக்பீஸ்_சண்முகம்

படம் ஒட்டலாம், அது ஓகே. நான் அதை யோசிக்கல.

புதுசா_வந்தவ

எல்லாருக்கும் வணக்கம், இந்த வருஷம்தான் வேலைக்குச் சேந்தேன், திங்கக்கெழமை எனக்கு ஃபர்ஸ்ட் டைம் ரன்னிங் டிக்டேஷன். ஒரே ஒரு டவுட். சுவத்துல ஒட்ட நீங்க எல்லாம் எந்த டேப்பு யூஸ் பண்றீங்க? எங்க ஸ்கூல்ல சுண்ணாம்பு அடிச்ச சுவரு, செல்லோ டேப்பு போட்டா பேப்பர் நிக்க மாட்டேங்குது, பிரவுன் டேப்பு போட்டா சுண்ணாம்போட உரிஞ்சு வருது, ஹெச்.எம் இப்பவே ஒரு தடவை முறைச்சாச்சு.